மனித உரிமை, வளர்ச்சித் திட்டங்களுக்கு எம் அண்ட் இ கத்துக்கறது எப்படி: கடலூர்ல இருந்து ஒரு முழு வழிகாட்டி

எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடிச்சிட்டு என்ஜிஓ வேலைக்கு வர்ற பசங்க என்கிட்ட கேக்கறது பெரும்பாலும் ஒரே கேள்விதான், அக்கா எம் அண்ட் இ கத்துக்கணும், எந்த கோர்ஸ் படிக்கறது, எந்த சாஃப்ட்வேர் தெரியணும்னு. கோர்ஸ் பேரெல்லாம் கடைசில சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்த எம் அண்ட் இ, அதாவது கண்காணிப்பு, மதிப்பீடு வேலைன்னா என்னன்னு புரியணும், ஏன்னா அது புரியாம சாஃப்ட்வேர மட்டும் கத்துக்கிட்டு வந்தவங்க தப்பான விஷயத்த எண்ணிக் குடுத்துட்டு போயிடறாங்க, அதுக்கான நஷ்டம் ஊர் ஜனங்க தலைல விழுது.

நம்ம மாவட்டத்துக்கு 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 கடைசில வெள்ளம்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடியே என்ஜிஓ, பணம் குடுக்கற டோனர், சர்வே ஃபாரம் எல்லாம் வந்துச்சு. தானே முடிஞ்ச பிறகு கடலோர ஊர் ஒண்ணுல நான் ஃபாரம் எழுதிக்கிட்டு இருந்தப்ப ஒரு ஆயா கேட்டாங்க, "சுனாமிக்கும் வந்து எழுதினீங்க, இப்பவும் எழுதறீங்க, எழுதினதெல்லாம் எங்கம்மா போவுது?" என்கிட்ட பதில் இல்ல. ஃபாரம் ஆபீசுக்கு போவுது, அங்கேருந்து டோனருக்கு போவுது, ஆயாகிட்ட மட்டும் திரும்ப வரல. இந்த வழிகாட்டில நான் சொல்ற எல்லாமே அந்த ஒரு கேள்விலேருந்து வந்ததுதான்.

1. படகு வச்சு வார்த்தைங்கள புரிஞ்சிக்கங்க

சுனாமிக்கு அப்பறம் படகு குடுத்த திட்டங்கள எடுத்துக்கங்க. பணமும் ஆளும் இன்புட். படகு செய்ய ஆர்டர் குடுத்து ஊருக்கு கொண்டாந்து சேக்கறது ஆக்டிவிட்டி. கைல குடுத்த படகு எத்தனைங்கறது அவுட்புட். அந்த படகுல போயி குடும்பம் பழையபடி சம்பாரிக்குதா, வட்டிக்கடன் கொறைஞ்சுதாங்கறது அவுட்கம். பல வருஷம் கழிச்சு அந்த ஊர் எப்படி இருக்குங்கறது இம்பாக்ட். இந்த அஞ்சையும் மனப்பாடம் பண்றது அரை மணி நேரம், ஆனா அவுட்புட்டயும் அவுட்கமையும் பிரிச்சு பாக்கற கண்ணு வர்றதுக்கு ஒரு வருஷம் ஆகும். சுனாமி அடிச்ச நாடுகள்ல நிறைய இடத்துல தேவைக்கு மேல சின்னப் படகா வந்து குவிஞ்சுது, சிலது கடலுக்கே லாயக்கில்லாம இருந்துச்சு, அவுட்புட் கணக்குல பாத்தா அதெல்லாம் நூத்துக்கு நூறு. மீன் தலைல தூக்கிக்கிட்டு போயி விக்கற பொம்பளைங்க, கருவாடு போடறவங்க, அடுத்தவங்க படகுல கூலிக்கு போறவங்க இவங்க பல கணக்குல வரவே இல்ல, ஏன்னா படகு வச்சிருந்தாத்தானே படகு போனதா எழுதுவாங்க. சுனாமி உதவிய பத்தி எல்லா பெரிய அமைப்பும் சேந்து பண்ண கூட்டு மதிப்பீடு 2006ல வந்துச்சு, அதோட முக்கியமான முடிவே, பொருள் கொண்டாந்து கொட்டறத விட்டுட்டு பாதிக்கப்பட்டவங்க தாங்களே எழுந்து நிக்கறதுக்கு துணையா இருங்க, அவங்களுக்கு பதில் சொல்லுங்கன்றதுதான்.

கண்காணிப்பு, மதிப்பீடு ரெண்டுக்கும் வித்தியாசம் கடல்காரங்களுக்கு சொல்லித் தர வேண்டியதில்ல. கடல்ல போறப்ப டீசல் எவ்ளோ இருக்கு, காத்து எந்தப் பக்கம், வலை எங்க கிழிஞ்சிருக்குன்னு பாத்துக்கிட்டே போறது கண்காணிப்பு. கரைக்கு வந்து ஏலம் முடிஞ்சப்பறம், இந்த செலவுக்கு இது கட்டுபடியாச்சா, அடுத்த தடவையும் அதே எடத்துக்கு போலாமான்னு உக்காந்து பேசறது மதிப்பீடு. முன்னத செய்யாம பின்னத செய்ய முடியாது, நிறைய திட்டத்துல கடைசி மாசம் வெளில இருந்து ஒரு கன்சல்டன்ட வரவச்சு மதிப்பீடு பண்ண சொல்றாங்க, அவருக்கு பாக்கறதுக்கு கைல ஒரு ரெக்கார்டும் இருக்காது.

இன்னொண்ணு, திட்டத்துல எழுதாத பலனும் இருக்கும், அதையும் பாக்க கத்துக்கணும். பாண்டிக்கு தெக்கால நல்லவாடுன்னு ஒரு மீனவ ஊர். 1998ல ஆரம்பிச்ச சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோட கிராம அறிவு மையம் திட்டத்துல அந்த ஊர்லயும் மையம் வந்துச்சு, மீனவங்களுக்கு தகவல் சொல்ல ஒலிபெருக்கியும் வச்சாங்க. சுனாமி அன்னிக்கு சிங்கப்பூர்ல இருந்த அந்த ஊர்க்காரர் ஒருத்தர் போன் பண்ணி எச்சரிக்க, ஊர்ல இருந்தவங்க அந்த ஒலிபெருக்கில சொல்லி ஜனங்கள வெளியேத்திட்டாங்க. நம்ம இண்டிகேட்டர, அதாவது மாற்றத்த அளக்க முன்னாடியே எழுதி வச்ச அளவுகோல மட்டும் பாத்துக்கிட்டு இருந்தா இந்த மாதிரி விஷயம் ரிப்போர்ட்ல ஏறவே ஏறாது. அதனால ஒவ்வொரு ஃபாரத்துலயும் கடைசில ஒரு கேள்வி தொறந்து வைங்க: நாங்க நினைக்காதது ஏதாவது நடந்துச்சா, நல்லதோ கெட்டதோ?

2. உரிமைன்னு வந்தா கணக்கு எப்படி மாறுது

வளர்ச்சித் திட்டத்துல பயனாளின்னு சொல்லுவோம். உரிமை வேலைல அந்த வார்த்தைய விட்ருங்க. 2003ல ஐநா அமைப்புகள் எல்லாம் சேந்து ஒரு பொதுப் புரிதல் எழுதினாங்க, அதுபடி ஒரு பக்கம் உரிமை உள்ளவங்க, இன்னொரு பக்கம் கடமை உள்ளவங்க, அதாவது முக்கியமா அரசாங்கம். திட்டம் ரெண்டு பக்கத்தையும் பலப்படுத்தணும். அப்ப எம் அண்ட் இ வேலையும் ரெண்டு மடங்காயிடுது, ஜனங்ககிட்ட மட்டும் போயி உங்களுக்கு விழிப்புணர்வு வந்துச்சான்னு கேட்டா பாதி வேலதான், ஆபீஸ்ல ஃபைல் நகருதான்னும் பாக்கணும்.

இதுக்கு எனக்கு ரொம்ப உதவினது ஐநா மனித உரிமை அலுவலகம் 2012ல போட்ட இண்டிகேட்டர் வழிகாட்டி. அது இண்டிகேட்டர மூணா பிரிக்குது. சட்டம், கொள்கை, அமைப்பு இருக்கான்னு பாக்கறது ஒண்ணு, அது ஸ்ட்ரக்சரல். அத நடைமுறைப்படுத்த அரசாங்கம் என்ன செய்யுதுன்னு பாக்கறது ரெண்டாவது, ப்ராசஸ். ஜனங்க வாழ்க்கைல அது வந்து சேந்துச்சான்றது மூணாவது, அவுட்கம்.

நம்ம ஊர் உதாரணம் சொல்றேன், இது அடுத்த பகுதிகள்லயும் கூட வரும். கிருமாம்பாக்கம், பாகூர் பாண்டில இருக்கு, ரெட்டிச்சாவடி வந்துட்டா கடலூர் மாவட்டம், நடுவுல எல்லை வளைஞ்சு வளைஞ்சு போவுது. ரெண்டு பக்கமும் இருளர் குடும்பங்க இருக்காங்க, ஒருத்தருக்கொருத்தர் சொந்தக்காரங்க. தமிழ்நாட்டுல அவங்க பட்டியல் பழங்குடி, அதுலயும் மிகவும் நலிவுற்ற பழங்குடின்னு மத்திய அரசு வகைப்படுத்தின ஆறு சமூகத்துல ஒண்ணு. புதுச்சேரில? 2016 வரைக்கும் அங்க பட்டியல் பழங்குடின்னு ஒரு பட்டியலே இல்ல. அந்த வருஷம் டிசம்பர்ல ஜனாதிபதி ஆணை வந்து, வில்லி, வேட்டைக்காரன் உட்பட இருளர சேத்தாங்க. அதாவது அதுவரைக்கும் ஒரே குடும்பத்துல அக்காள கட்டிக்குடுத்த ஊர்ல எஸ்டி, தங்கச்சிய கட்டிக்குடுத்த ஊர்ல எஸ்டி இல்ல. 2016ல மாறினது ஸ்ட்ரக்சரல். அதுக்கப்பறம் எத்தன பேர் சாதி சர்டிபிகேட்டுக்கு எழுதிக் குடுத்தாங்க, எத்தன நாள்ல கிடைச்சுது, எத்தன மனு எந்த காரணத்துக்கு தள்ளுபடி ஆச்சு, இது ப்ராசஸ். சர்டிபிகேட் வாங்கின பிள்ள ஸ்காலர்ஷிப்போட பிளஸ் டூ தாண்டி போச்சா, இது அவுட்கம். மூணையும் தனித்தனியா பாக்கலன்னா ஆணை வந்துடுச்சு பிரச்சன முடிஞ்சுதுன்னு எழுதிடுவோம்.

கூடவே இன்னொரு அளவுகோலும் தெரிஞ்சு வைங்க. சுகாதார உரிமைக்கு 2000ல ஐநா குழு ஒண்ணு விளக்கம் குடுத்துச்சு, ஒரு சேவை இருக்கா, எட்டற தூரத்துல எட்டற செலவுல இருக்கா, அந்த ஜனங்க பழக்கத்துக்கும் மரியாதைக்கும் ஒத்து வருதா, தரமா இருக்கான்னு நாலு கேள்வி. ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்து ரேஷன் கடை வரைக்கும் இத போட்டுப் பாக்கலாம். மூணாவது கேள்வியத்தான் நம்ம ஆளுங்க விட்டுடறாங்க, ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு ஆனா அங்க ஒருமைல வாடி போடின்னு பேசறாங்கன்னு ஒரு பொண்ணு பிரசவத்துக்கு போகலன்னா அதுவும் உரிமை மறுப்புதான், அத எண்ணற இடம் உங்க ஃபாரத்துல இருக்கணும்.

3. தியரி ஆஃப் சேஞ்ச், சார்ட் பேப்பர்ல

தியரி ஆஃப் சேஞ்ச்னா நாம நினைக்கற மாற்றம் எந்த வழில வரும்னு படமா போடறது. லேப்டாப்ப மூடிட்டு சார்ட் பேப்பர் எடுங்க. வலது ஓரத்துல நடக்க வேண்டிய மாற்றத்த எழுதுங்க: இருளர் பிள்ளைங்க சர்டிபிகேட் இல்லைங்கற காரணத்தால படிப்ப விடக்கூடாது. அங்கேருந்து பின்னாடி நடந்து வாங்க. அதுக்கு சர்டிபிகேட் வரணும், அதுக்கு விசாரணை நடக்கணும், அதுக்கு மனு போகணும், அதுக்கு அப்பா அம்மாவுக்கு எங்க போறதுன்னு தெரியணும். ஒவ்வொரு அம்புக்குறி மேலயும் "இது நடக்கணும்னா எது உண்மையா இருக்கணும்"னு எழுதுங்க. முழு விஷயமும் அங்கதான் இருக்கு. தமிழ்நாட்டுல எஸ்டி சர்டிபிகேட் தாசில்தார் குடுக்கறதில்ல, ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) அல்லது சப் கலெக்டர்தான், நம்ம மாவட்டத்துல கடலூர், சிதம்பரம், விருத்தாசலம்னு மூணு கோட்டம். கிள்ளை பக்கம் நண்டு பிடிக்கற குடும்பம் அதுக்காக ஒரு நாள் கூலிய விட்டுட்டு சிதம்பரம் போகணும். அங்க போனா அப்பாவோட சர்டிபிகேட் எங்கன்னு கேப்பாங்க, அப்பா பள்ளிக்கூடமே போனதில்ல, அவருக்கு ஏது சர்டிபிகேட். அப்ப நீங்க ஊர்ல நூறு விழிப்புணர்வு கூட்டம் போட்டாலும் அடைப்பு வேற இடத்துல இருக்கு. சார்ட் பேப்பர்ல இது முதல் நாளே தெரிஞ்சிடும், தெரிஞ்சா திட்டத்தயே மாத்திக்கலாம். ஊர்க்காரங்க ரெண்டு மூணு பேராவது கூட உக்காரணும், ஆபீஸ்ல நாமளா போட்ட தியரி பாக்க நல்லா இருக்கும், அவ்ளோதான்.

லாக்ஃப்ரேம் அதுக்கப்பறம் போடுங்க. அது திட்டத்தோட இலக்கு, இண்டிகேட்டர், ஆதாரம் எல்லாத்தையும் சுருக்கமா காட்டற நாலு வரிசை நாலு பத்தி உள்ள ஒரு கட்டம், 1969 வாக்குல அமெரிக்க அரசு உதவி நிறுவனத்துக்காக உருவாக்கினது, இன்னிக்கும் நிறைய டோனர் கேக்கறாங்க. தியரி சரியா இருந்தா லாக்ஃப்ரேம் ஒரு மத்தியான வேல.

4. இண்டிகேட்டர் எழுதறது

இங்க அவசரப்படாதீங்க, நான் பாத்த தப்புல பாதி இங்கதான் நடக்குது.

மொதல்ல கீழ் எண்ணு, அதாவது மொத்தம் எத்தனைல இதுங்கறது. "48 குடும்பத்துக்கு சர்டிபிகேட் வாங்கித் தந்தோம்"னு எழுதினா அது 50ல 48ஆ, 900ல 48ஆ? கீழ் எண்ணு இல்லாத எந்த எண்ணையும் ரிப்போர்ட்ல ஏத்தாதீங்க. அடுத்தது பிரிச்சு பாக்கறது, ஆண் பெண், வயசு, சாதி, மாற்றுத்திறன், எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். 2011 சென்சஸ்படி நம்ம மாவட்டத்துல சுமார் 26 லட்சம் பேர், புதுச்சேரி யூனியன் பிரதேசம் முழுக்க சுமார் 12 லட்சத்து 48 ஆயிரம். இவ்ளோ பெரிய கூட்டத்துல ஒரு சராசரி எடுத்தா இருளர் தெரு அதுல காணாமலே போயிடும். மாவட்ட சராசரி நல்லா இருக்குன்னு சொல்ற இடத்துலதான் உரிமை வேல செய்யறவங்க நின்னு பாக்கணும்.

ரெண்டாவது, உரிமை வேலைல எண்ணு ஏறினா நல்லதா கெட்டதான்னு சட்டுனு சொல்ல முடியாது. வன்கொடுமை தடுப்புச் சட்டத்துல ஒரு வட்டாரத்துல போன வருஷம் 4 கேஸ், இந்த வருஷம் 11ன்னு வச்சுக்கங்க. கொடுமை கூடிடுச்சுன்னும் இருக்கலாம், பயந்து வாய மூடிக்கிட்டு இருந்தவங்க துணிஞ்சு ஸ்டேஷனுக்கு போறாங்கன்னும் இருக்கலாம். அதனால கேஸ் எண்ணிக்கைய மட்டும் இண்டிகேட்டரா வைக்காதீங்க, கூடவே நாள் கணக்கு வைங்க. சம்பவத்துக்கும் எஃப்ஐஆருக்கும் நடுவுல எத்தன நாள்? அந்த சட்டத்தோட விதிப்படி 60 நாளுக்குள்ள விசாரணை முடிச்சு குற்றப்பத்திரிகை போகணும், போச்சா? மாவட்ட விழிப்புணர்வு கண்காணிப்புக் குழு மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூடணும், கூடுச்சா, மினிட்ஸ் இருக்கா? நிவாரணத் தொகை கட்டம் கட்டமா வரணும், எந்த கட்டத்துல நிக்குது? இப்படி சட்டமே போட்டு வச்சிருக்கற கெடு எல்லாம் உங்களுக்கு ரெடிமேட் இண்டிகேட்டர், இத விட்டுட்டு புதுசா கண்டுபிடிக்க வேண்டியதில்ல.

மூணாவது, ஒவ்வொரு இண்டிகேட்டருக்கும் பக்கத்துல எங்கேருந்து ஆதாரம் வரும், யார் எடுப்பா, எத்தன நாளுக்கு ஒரு தடவ, என்ன செலவாகும்னு எழுதுங்க. அரசாங்க பக்கத்து ஆதாரத்துக்கு தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ), 2005, பத்து ரூபா கட்டி மனு போட்டா பொதுவா 30 நாளுக்குள்ள பதில் குடுக்கணும். மனு எழுதறதே ஒரு எம் அண்ட் இ திறமைன்னு நான் சொல்லுவேன். "சாதிச் சான்று பத்தி தகவல் தரவும்"னு கேட்டா ஒண்ணும் வராது. இந்த கோட்டத்துல இந்த தேதில இருந்து இந்த தேதி வரை வந்த மனு எத்தன, ஏத்துக்கிட்டது எத்தன, தள்ளுபடி எத்தன, நிலுவை எத்தனன்னு கட்டம் போட்டு கேளுங்க.

ஒரு திட்டத்துக்கு எட்டு பத்து இண்டிகேட்டர் போதும். நாப்பது வச்சா ஃபீல்டு ஸ்டாஃப் ராத்திரி வீட்ல உக்காந்து மனசுக்கு தோணினத எழுதுவாங்க, அது அவங்க தப்பு இல்ல, நாப்பது கேட்டவங்க தப்பு.

5. பேஸ்லைன், சாம்பிள், அப்பறம் நம்ம ஊர் காலண்டர்

திட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நிலைமை எப்படி இருந்துச்சுன்னு எடுக்கறது பேஸ்லைன். எல்லாரையும் கேக்காம கொஞ்சம் பேர பொறுக்கி எடுக்கறது சாம்பிள், அதுக்கு 384ன்னு ஒரு எண்ண எல்லாரும் சொல்லுவாங்க, 95 சதவீத நம்பகம், கூட கொறைய 5 சதவீத பிழைன்னா பெரிய ஜனத்தொகைக்கு வர்ற எண்ணு அது. அத கண்ண மூடிக்கிட்டு போடாதீங்க. உங்க திட்டத்துல மொத்தமே 200 குடும்பம்னா கணக்குப்படி 132 போதும்னு வரும், ஆனா 200 பேரையும் பாத்துடறதே நல்லது, ஏன்னா விட்டுப்போற குடும்பம் எப்பவும் ஊர் கோடில, வாய்க்கா ஓரத்துல இருக்கற குடும்பமாத்தான் இருக்கும். ஊர் ஊரா பொறுக்கி எடுக்கறதா இருந்தா சாம்பிள் பெருசாகணும், ஒரே தெருக்காரங்க பதில் ஒண்ணு போலவே இருக்கும் இல்லையா, பொதுவா ரெண்டு மடங்கு வைப்பாங்க.

காலண்டர் விஷயம் எந்த கோர்ஸ்லயும் சொல்லித் தரமாட்டாங்க. கிழக்குக் கரைல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. தடை காலத்துல பேஸ்லைன் எடுத்துட்டு, திட்டம் முடியறப்ப எடுக்கற எண்ட்லைன செப்டம்பர்ல எடுத்தீங்கன்னா, நீங்க ஒண்ணுமே பண்ணலன்னாலும் வருமானம் கூடிடுச்சுன்னு வரும். அதே மாதிரி செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் போற குடும்பங்கள சீசன்ல வீட்ல பிடிக்க முடியாது, பூட்டு தொங்கற வீட்ட விட்டுட்டு பக்கத்து வீட்ட எடுத்தா, நீங்க யாரப் பத்தி தெரிஞ்சிக்கணுமோ அவங்களயே விட்டுட்டு வர்றீங்க. முந்திரி பக்கம் போனா 2011க்கு முன்னாடி பின்னாடின்னு கேக்காம வருமானம் பேச முடியாது, தானேல மரமே போச்சு, புதுசா நட்டது காய்க்க வருஷமாச்சு. புயல், வெள்ளம், தடை, சீசன் எல்லாம் ஒரு தாள்ல வரைஞ்சு சுவத்துல ஒட்டிக்கிட்டு அப்பறம் சர்வே தேதி குறிங்க.

6. கேள்வி கேக்கற விதம்

டோனர் அனுப்பின இங்கிலீஷ் ஃபாரத்த அப்படியே தமிழாக்கம் பண்ணி "நீங்கள் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்பட்டுள்ளீர்களா"ன்னு சூளைல போயி கேட்டா எல்லாரும் இல்லன்னுதான் சொல்லுவாங்க. பொய் சொல்றாங்கன்னு இல்ல, அந்த வார்த்தை அவங்க வாழ்க்கைல இல்ல. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க, முன்பணம் அல்லது அது மாதிரி ஒரு கடப்பாட்டுக்காக குறைஞ்சபட்ச கூலி இல்லாம வேல செய்யறது, வேற வேலைக்கு போக முடியாதது, வெளில நடமாட முடியாதது. அத அவங்க பேச்சுல கேளுங்க. அட்வான்ஸ் எவ்ளோ வாங்கினீங்க, இன்னும் எவ்ளோ பாக்கின்னு யார் சொல்றாங்க, வாரம் செலவுக்கு எவ்ளோ தர்றாங்க, ஊர்ல சாவுன்னா குடும்பத்தோட எல்லாரும் போக முடியுமா இல்ல ஒருத்தர விட்டுட்டு போகணுமா? கடைசி கேள்விக்கு வர்ற பதில்ல எல்லாமே தெரிஞ்சிடும். இந்த மாதிரி கேள்விய சூளைல ஓனர் மேஸ்திரி நிக்கறப்ப கேக்கவே கூடாது, ஊருக்கு திரும்பினப்பறம் கேளுங்க.

ஃபாரம் ரெடியானா அஞ்சாறு பேர்கிட்ட கேட்டுப் பாத்து திருத்துங்க. அப்பறம் கோபோ டூல்பாக்ஸ்ங்கற சர்வே சாஃப்ட்வேர்ல ஏத்துங்க, என்ஜிஓக்களுக்கு இலவச கணக்கு இருக்கு, ஆண்ட்ராய்டு போன்ல நெட் இல்லாமயும் வேல செய்யும், தமிழ்ல கேள்வி போடலாம், வயசு 150ன்னு அடிச்சா ஏத்துக்காத மாதிரி கட்டுப்பாடு வைக்கலாம். பத்துல ஒரு வீட்டுக்கு வேற ஆள் போயி நாலஞ்சு கேள்விய திரும்ப கேட்டு சரி பாக்கணும், இத முதல் நாளே டீம்கிட்ட சொல்லிடுங்க.

7. பாதுகாப்பு, இதுல சமரசமே கிடையாது

வளர்ச்சித் திட்டத்துல டேட்டா லீக் ஆனா சங்கடம். உரிமை வேலைல ஒருத்தர் அடி வாங்குவாங்க, வேல போகும், ஊர விட்டு தள்ளி வைப்பாங்க. நான் முன்னாடி வேல செஞ்ச ஒரு இடத்துல ரிப்போர்ட்டுக்காக எடுத்த போட்டோ ஒண்ணு நோட்டீஸ்ல வந்து, அந்த அம்மா யாரப் பத்தி புகார் சொன்னாங்களோ அவங்க கைலயே கிடைச்சுது. அதுக்கப்பறம் அந்த அம்மா எங்ககிட்ட பேசல. இன்னிக்கும் அது எனக்கு வலிக்குது, அதனாலதான் இந்த பகுதிய படிக்காம தாண்டாதீங்கன்னு கேக்கறேன்.

பேரும் பதிலும் ஒரே ஃபைல்ல இருக்கக்கூடாது, ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோடு நம்பர், பேர் லிஸ்ட் தனியா பூட்டு போட்டு. ஆபத்தான சர்வேல ஜிபிஎஸ் எடுக்காதீங்க, சின்ன ஊர்ல ஜிபிஎஸ்ஸும் பேரும் ஒண்ணுதான். போக்சோ சட்டம் 2012படி பாதிக்கப்பட்ட குழந்தைய அடையாளம் காட்டற எதையும் வெளில விடக்கூடாது, பள்ளிக்கூடம் பேர், தெரு பேர் உட்பட. 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துருக்கு, அதுபடி ஒப்புதல் வாங்கறது பெரிய மனசு இல்ல, சட்டம். ஒப்புதல்னா கைநாட்டு மட்டும் இல்ல, "வேணாம்னு சொன்னா உங்களுக்கு வர்ற எதுவும் நிக்காது"ன்னு சொல்லி அவங்க நம்பணும். சட்டம் போட்ட கெடுவும் ஃபாரமும் பாத்துட்டு ஆள மறந்துடாதீங்க, ஒரு கேள்வியால அவங்களுக்கு ஆபத்து வரும்னா அந்த கேள்விய கேக்காம இருக்கறதே நல்லது. அப்பறம், தேவையில்லாத கேள்விய கேக்காதீங்க. என்ன செய்யப் போறோம்னு தெரியாத தகவல சேத்து வைக்கறதே ஆபத்து.

8. எண்ணுக்கு அடங்காதது

ரிக் டேவிஸ்ங்கறவர் 90கள்ல பங்களாதேஷ்ல வேல செஞ்சப்ப ஒரு முறைய உருவாக்கினார், மோஸ்ட் சிக்னிஃபிகன்ட் சேஞ்ச்னு பேர். போன மூணு மாசத்துல உங்க வாழ்க்கைல நடந்ததுல பெரிய மாற்றம் எது, அது ஏன் பெருசுன்னு நினைக்கறீங்கன்னு ஜனங்ககிட்ட கதையா கேட்டு, அந்த கதைங்கள குழுவா உக்காந்து படிச்சு எது முக்கியம்னு விவாதிச்சு பொறுக்கறது. நம்ம ஊர் ஜனங்க கதை சொல்றதுல கெட்டிக்காரங்க, அதனால இது இங்க நல்லா எடுபடும். மகளிர் குழுல நான் பண்ணப்ப வருமானத்த எதிர்பாத்து போனேன், நிறைய பேர் சொன்னது "இப்ப பேங்க்ல உக்கார சொல்றாங்க"ங்கறது. எந்த கட்டத்துலயும் அது இல்ல.

இன்னொரு முறை அவுட்கம் ஹார்வெஸ்டிங். என்ன மாறிச்சுன்னு மொதல்ல கண்டுபிடிச்சிட்டு, அதுல நம்ம பங்கு என்னன்னு பின்னாடி தேடறது. உரிமை வேலைக்கு இதுதான் ரொம்ப பொருந்தும், ஏன்னா கலெக்டர் ஒரு உத்தரவு போட்டா அதுக்குப் பின்னாடி சங்கம், வக்கீல், பத்திரிகை, நீங்க எல்லாரும் இருக்கீங்க. எங்களாலதான் நடந்துச்சுன்னு எழுதாதீங்க, எங்க பங்கு இதுன்னு எழுதுங்க, அத வெளியாள் ரெண்டு பேர்கிட்ட கேட்டு உறுதிப்படுத்துங்க. ரேண்டம் பண்ணி பாதி ஊருக்கு குடுத்து பாதி ஊருக்கு குடுக்காம ஒப்பிடற முறையும் இருக்கு, சில வளர்ச்சித் திட்டத்துக்கு அது பலமான ஆதாரம் தரும், ஆனா உரிமையா கிடைக்க வேண்டியத ஒப்பிடறதுக்காக நிறுத்தி வைக்கறது தப்புன்றது என் முடிவு.

ஜனங்களே கண்காணிக்கறதுக்கு நம்ம ஊர்லயே பாடம் இருக்கு. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைய சுத்தி இருக்கற ஊர்க்காரங்க 2004 வாக்குல சமூக சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்னு சேந்தாங்க, எந்த நேரம் என்ன நாத்தம், காத்து எந்தப் பக்கம்னு குறிச்சு வச்சாங்க, மூடி போட்ட பக்கெட்டுக்குள்ள பை வச்சு காத்த பிடிச்சு லேபுக்கு அனுப்பினாங்க. நாத்தம் அடிக்குதுன்னு வாயால சொன்னப்ப யாரும் காதுல வாங்கல, தேதி நேரம் போட்டு எழுதி லேப் ரிசல்ட்டோட போனப்ப பேச வேண்டியதாச்சு. அந்த நோட்டுல எந்த கன்சல்டன்ட்டும் இல்ல.

9. ரிப்போர்ட்டும் பட்ஜெட்டும்

மதிப்பீட்டு அறிக்கைக்கு பணக்கார நாடுகளோட கூட்டமைப்பான ஓஇசிடி வச்சிருக்கற ஆறு அளவுகோல் உலகம் முழுக்க ஓடுது: தேவைக்கு பொருந்துதா, மத்த திட்டத்தோட ஒத்து போவுதா, இலக்க எட்டுச்சா, செலவு நேரம் சரியா, தாக்கம் என்ன, நிக்குமா. 1991ல அஞ்சு இருந்துச்சு, 2019ல ரெண்டாவத சேத்து ஆறாக்கினாங்க. ஆறையும் ஒரே அளவு எழுதணும்னு இல்ல, உங்க கேள்விக்கு எது வேணுமோ அதுல ஆழமா போங்க. நடக்காதது ஏன் நடக்கலன்னு ஒரு பகுதி கண்டிப்பா வைங்க.

பட்ஜெட்ட திட்டம் எழுதறப்பயே கேட்டு வாங்குங்க, பின்னாடி கேட்டா கிடைக்காது. வெளிநாட்டு நிதிச் சட்டத்துல (எஃப்சிஆர்ஏ) வந்த 2020 திருத்தத்துக்கு அப்பறம் அந்த நிதில நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, அதனால எம் அண்ட் இ செலவு எந்த தலைப்புல வருதுன்னு உங்க ஆடிட்டர்கிட்ட முன்கூட்டியே பேசிடுங்க.

10. ஆறு மாசத்துல கத்துக்கறது

முதல் ரெண்டு மாசம் படிங்க. பெட்டர் இவாலுவேஷன் இணையதளம் இலவசம், ஒவ்வொரு முறைக்கும் விளக்கம் இருக்கு. ஐநா இண்டிகேட்டர் வழிகாட்டியும் இலவச பிடிஎஃப், முழுசா வேணாம், மூணு வகை இண்டிகேட்டர் பகுதியும் பின்னாடி இருக்கற அட்டவணையும் படிங்க. டிசாஸ்டர்ரெடிங்கற இணையதளத்துல இலவச கோர்ஸ் இருக்கு. இங்கிலீஷ் தடுமாறினா ரெண்டு பேரா சேந்து படிங்க, படிச்சத தமிழ்ல ஒருத்தருக்கொருத்தர் சொல்லிப் பாருங்க, தமிழ்ல சொல்ல வரலன்னா இன்னும் புரியலன்னு அர்த்தம். அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் பக்கத்துலயே இருக்கு, அங்க சமூக அறிவியல் படிக்கற யாராவது கூட சேந்தா புள்ளியியல் பக்கம் சுலபமாயிடும்.

மூணாவது மாசம் எக்செல். பிவட் டேபிள், சதவீதம், குறுக்கு அட்டவணை, இது போதும், இதுக்கு மேல உள்ளது வேலைல சேந்தப்பறம் வரும். பழகறதுக்கு 2011 சென்சஸ் கிராம அட்டவணைய இறக்கி உங்க வட்டாரத்த மட்டும் பிரிச்சு, எஸ்சி எஸ்டி எத்தன சதவீதம், கல்வியறிவு எவ்ளோன்னு ஊருக்கு ஊர் ஒப்பிட்டு பாருங்க. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வோட மாவட்ட ஏடும் கிடைக்கும். நாலாவது மாசம் கோபோல ஒரு சின்ன ஃபாரம், 15 கேள்விக்குள்ள, உங்க தெருவுலயே 20 வீடு. குழாய்ல தண்ணி எத்தன நாளுக்கு ஒரு தடவ வருதுன்றது கூட போதும், தண்ணியும் உரிமைதான். அஞ்சாவது மாசம் அத பத்தி நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ ஒரு ஆர்டிஐ போட்டு ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வைங்க.

ஆறாவது மாசம், கிடைச்சத ஒரே ஒரு சார்ட் பேப்பர்ல பெரிய எழுத்துல எழுதி, யார் யார் பதில் சொன்னாங்களோ அவங்க உக்கார்ற எடத்துக்கே எடுத்துட்டு போங்க, கோயில் திண்ணையோ ஏலக்கூடமோ. எழுதப் படிக்க தெரியாதவங்களுக்காக சத்தமா வாசிங்க. ராஜஸ்தான்ல 1994 வாக்குல கூலித் தொழிலாளிங்க இப்படித்தான் மஸ்டர் ரோல, அதாவது கூலி வருகைப் பதிவேட்ட ஊர் நடுவுல வாசிச்சாங்க, செத்தவங்க பேர்ல கூலி எடுத்தது அங்க வெளில வந்துச்சு, அதுலேருந்துதான் சோசியல் ஆடிட் வந்துச்சு, 2005 வேலை உறுதிச் சட்டத்துல 17ஆவது பிரிவா ஏறுச்சு. உங்க சார்ட்ட வாசிக்கறப்ப யாராவது "அது அப்படி இல்லம்மா, மேட்டுத் தெருவுக்கு தண்ணி ஏறவே ஏறாது, நீங்க கீழத்தெருவுல கேட்டுட்டு வந்துருக்கீங்க"ன்னு எழுந்து சொல்லுவாங்க. அத அங்கயே செவப்பு பேனால திருத்தி எழுதுங்க, யார் சொன்னா, என்ன தேதின்னு உங்க நோட்டுல குறிச்சுக்கங்க, மறுநாள் மேட்டுத் தெருவுக்கு போயி விட்டுப்போன வீடுங்கள கேட்டுட்டு வாங்க.